ஜாஸ்பருக்கும் ஒரு கைப்பிடி

ஜெபமணிபுரத்தில் உலை கொதித்துவிட்டால் அரிசி முதலில் போவது உலைக்கு அல்ல. அடுப்படி மூலையில் இருக்கிற கைப்பிடிக் கலயத்துக்குத்தான். வீட்டில் எத்தனை தலையோ அத்தனை கைப்பிடி. ஆண்டவர் பங்கை அதில் போட்டுவிட்டு மிச்சத்தைத்தான் களைந்து உலையில் இட வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் பெண்கள் சங்கத்தின் சார்பில் சாரம்மாள் ஓலைப்பெட்டியோடு வீடு வீடாக வந்து கலயத்தைக் கவிழ்த்து வாங்கிப் போவாள். புழுங்கல், பச்சை, ரேஷன், பொன்னி என்று ஊர் அரிசியெல்லாம் அந்தப் பெட்டிக்குள் ஒன்றாகிவிடும். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அதை ஏலம் விடுவார்கள். வாங்கிப் போய்ப் பொங்கினால் பாதி குழையும், பாதி வேகாது. இருந்தாலும் அதை எடுக்க ஒரு போட்டி நடக்கும். அந்த ஊர்க்காரர்களுக்கு அப்படி ஒரு கிறுக்கு.

ஹெப்சிபா வீட்டில் நாலு கைப்பிடி. அவளுக்கு ஒன்று, மூத்தவள் கரோலினுக்கு ஒன்று, சின்னவள் ப்ளெஸிக்கு ஒன்று, ஜாஸ்பருக்கு ஒன்று. ஜாஸ்பர் அவள் புருஷன். குவைத்தில் ஒரு ரொட்டிக் கடைக்கு மாவு பிசையப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அவன் அங்கே ரொட்டி தின்றுகொண்டிருக்க, இங்கே அவன் பேரில் அரிசி போய்க்கொண்டிருந்தது. சாரம்மாளுக்கு இது ஆரம்பத்திலிருந்தே வேடிக்கைதான்.

"ஏட்டி, அவன் அங்கன ரொட்டியத் தின்னுட்டுக் கெடக்கான். அவனுக்கு எதுக்கு இங்கன கைப்பிடி?"

"வீட்டாளுக்கு ஒரு கைப்பிடின்னுதானே சித்தி சங்கத்துல வச்சிருக்கீங்க. அவிய இந்த வீட்டாளு இல்லியா?"

"வீட்டாளுதான். யாரு இல்லன்னா."

"பின்ன என்ன. பெட்டியப் பிடிங்க."

சாரம்மாள் பெட்டியைப் பிடிப்பாள். அவள் படி போட்டு அளக்கிற வழக்கமே இல்லை. கலயத்தைத் தூக்கினாலே கனம் கைக்குத் தெரிந்துவிடும். யார் வீட்டில் விருந்தாளி வந்திருக்கிறார்கள், யார் மகள் புருஷனோடு கோபித்துக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறாள் என்பதெல்லாம் கலயம் அவளுக்குச் சொல்லும், அவள் ஊருக்குச் சொல்லுவாள். ஒரு வீட்டில் யாராவது கண்ணை மூடினால், அடக்கம் முடிந்து மறுபடியும் உலை வைக்கிற அன்றைக்கு ஒரு கைப்பிடி குறையும். அதை மட்டும் வீட்டார் வாய்விட்டுச் சொல்வதில்லை, சாரம்மாளும் கேட்பதில்லை. அந்தச் சனிக்கிழமை அவள் பேசாமல் வாங்கிக்கொண்டு போய்விடுவாள். இதை அந்த ஊரின் மரியாதை என்றே சொல்ல வேண்டும்.

தொண்ணூறாம் வருஷம் ஆகஸ்ட் மாதம், ஈராக்காரன் குவைத்துக்குள் புகுந்துவிட்டான் என்று ரேடியோவில் சொன்னார்கள். அதுவரை குவைத் கிழக்கேயா மேற்கேயா என்று தெரியாத ஆட்களெல்லாம் டீக்கடை வாசலில் குச்சியால் மண்ணைக் கீறி, இங்கன இவன் வந்தான், அங்கன அவன் போனான் என்று சண்டையை நடத்தினார்கள். ஹெப்சிபாவுக்கு அந்தப் படம் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. ஜாஸ்பர் உயிரோடு இருக்கிறானா, அது ஒன்றுதான் அவளுக்குத் தெரிய வேண்டும். அதை எந்த ரேடியோவும் சொல்லவில்லை.

தபால் நின்றது. அவன் அனுப்புகிற பணமும் நின்றது. பீடி சுற்றுகிற கூலியை வைத்து வீடு ஓடியது. ஓடியது என்றா சொல்வது, நொண்டிக்கொண்டு நடந்தது. ஆனாலும் காலையில் உலை வைத்ததும் நாலு கைப்பிடி கலயத்துக்குப் போவது நிற்கவில்லை.

அவள் அண்ணன் அப்பாத்துரை வள்ளியூரிலிருந்து பார்க்க வந்தான். நல்ல மனுஷன், கொஞ்சம் சத்தமான மனுஷன். வந்தவன் நேரே அடுப்படியில் போய் உட்கார்ந்தான். தங்கச்சி அரிசியை அள்ளி அள்ளிக் கலயத்தில் போடுவதைப் பார்த்ததும் அவனுக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா, உனக்குப் புத்தி கித்தி மழுங்கிட்டா? முதல்ல பிள்ளைக வயிறு. பொறவு மிச்சம் இருந்தா கோயிலுக்குப் போடு. ஆண்டவர் என்ன, கோவிச்சுக்கவா போறாரு?"

"கோவிச்சுக்க மாட்டாருண்ணே. ஆனா முதல்ல எடுத்தாத்தான் அது கைப்பிடி. கடைசியில எடுத்தா அது மிச்சம். மிச்சத்தை நாய்க்கும் போடுதோம், கோழிக்கும் போடுதோம்."

"சரி, பேச்சுல உன்னை ஜெயிக்க முடியாது. துணிமணியக் கட்டு, வள்ளியூருக்குப் போவோம். பிள்ளைகள அங்கன பள்ளிக்கூடத்துல சேத்துவிடுதேன்."

"அவிய வந்து கதவத் தட்டும்போது பூட்டுத் தொங்கினா?"

வருவானா என்று கேட்க அப்பாத்துரைக்கு வாய் வந்திருக்கும், கேட்காமல் எழுந்து போய்க் கிணற்றடியில் முகத்தைக் கழுவினான். போகும்போது பிள்ளைகள் கையில் ஆளுக்கு ஒரு பொட்டலம் மிக்சர் கொடுத்துவிட்டு, பஸ் ஏறுகிறவரைக்கும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே போனான்.

ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிற தெருவில் ஆபிதா பீவி என்று ஒருத்தி இருந்தாள். ஹெப்சிபாவோடு உட்கார்ந்து பீடி சுற்றுகிறவள். அவள் மகன் முகம்மது சுல்தானும் குவைத்தில்தான் இருந்தான். மகன் விஷயம் தெரியாமல் ஒருத்தி, புருஷன் விஷயம் தெரியாமல் ஒருத்தி. இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து, தட்டில் இலையை வைத்துக்கொண்டு, அவள் அல்லாவிடமும் இவள் இயேசுவிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

செப்டம்பரில் சுல்தான் வந்துவிட்டான். ஆபிதா பீவி அவனைக் குளிக்கக்கூட விடவில்லை. புழுதியும் தாடியுமாக அப்படியே கையைப் பிடித்து ஹெப்சிபா வீட்டுக்கு இழுத்து வந்தாள். "பாத்ததைச் சொல்லுலே. ஒண்ணையும் மறைக்காதே."

சுல்தான் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். இரண்டு பேரும் ஒரே லாரியில்தான் ஜோர்தான் எல்லைவரை வந்தார்கள். அங்கே பாலைவனத்தில் கூடாரம் அடித்துக் கூட்டம் கூட்டமாகப் போட்டிருந்தார்கள். "அண்ணாச்சிக்குக் காய்ச்சல் அடிச்சிக்கிட்டு இருந்திச்சுக்கா. தண்ணி வாங்கிட்டு வாரேன்னு போனேன். வரிசை பெருசு. நான் திரும்பி வரும்போது அந்த எடத்துல வேற ஆளுக இருந்தாவ. எல்லாக் கூடாரத்துலயும் தேடினேங்கா. பொறவு என்னை பஸ்ல ஏத்திட்டாவ." இதைச் சொல்லிவிட்டு அவன் அழுதான். ஹெப்சிபா அவனுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். "நீ என்ன செய்வ தம்பி. தேடினேல்லா, அது போதும். போய்க் குளிச்சு சாப்புடு," என்றாள்.

அவன் போன பிறகு உலை வைத்தாள். மூன்று கைப்பிடியைப் போட்டாள். நாலாவதைக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றாள். பயமாக இருந்தது. பயமில்லை என்று யாராவது அவளைப் பற்றிச் சொன்னால் நம்பாதீர்கள். காய்ச்சலோடு அவன் மண்ணில் கிடக்கிற கோலம் கண்ணுக்குள் வந்து வந்து போயிற்று. விரலிடுக்கில் அரிசி ஒழுகிக்கொண்டிருந்தது.

"ஆண்டவரே, இது அவியளுக்கு. அவிய எங்கன கெடக்காவன்னு எனக்குத் தெரியல. உமக்குத் தெரியும்லா. உமக்குத் தெரிஞ்சா போதும். பாத்துக்கிடும்."

சொல்லிவிட்டுப் போட்டாள். தலைச்சுமையைச் சுமைதாங்கிக் கல்லில் இறக்கி வைத்த மாதிரி இருந்தது. அதன் பிறகு அவள் தினமும் அப்படித்தான் செய்தாள். பயம் வரும், சொல்லுவாள், போடுவாள், மிச்ச வேலையைப் பார்ப்பாள். பிள்ளைகளுக்குத் தலை பின்னும்போது பாட்டுப் பாடுவாள். பீடித் தட்டின் முன்னால் ஆபிதா பீவி எதையாவது கிண்டலாகச் சொன்னால் வாய்விட்டுச் சிரிப்பாள். புருஷன் கதி தெரியவில்லை, இவளுக்குச் சிரிப்பு வேறே என்று ஊரில் பேசினார்கள். அவளுக்கே அது அதிசயமாகத்தான் இருந்தது. நெஞ்சில் இவ்வளவு பாரம் இருக்கும்போது எங்கிருந்து இந்த நிம்மதி வருகிறது என்று நினைப்பாள். வருவதை வேண்டாம் என்று சொல்வதற்கு அவள் யார்?

அக்டோபர் முதல் வாரம் பீடிக் கடைக்கு இலை வரவில்லை. இலை இல்லை என்றால் வேலை இல்லை. வேலை இல்லை என்றால் கூலி இல்லை. ரேஷன் அரிசி அதற்கு முன்பே தீர்ந்திருந்தது. கொல்லையில் நின்ற மரச்சீனிக் கிழங்கைப் பிடுங்கி அவித்து, மிளகாயும் உப்பும் வைத்து இடித்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாள். பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டமாக இருந்தது, முதல் நாள் மட்டும்.

"ஏம்மா, கிழங்குக்குக் கைப்பிடி கெடையாதா?" என்று ப்ளெஸி கேட்டாள்.

ஹெப்சிபாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கலயத்துல கிழங்கப் போட்டா சனிக்கிழமைக்குள்ள நாறிப்போகும்ட்டி. நாளைக்குச் சோறு பொங்கும்போது போடுவோம்."

மறுநாளும் சோறு பொங்கவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. ஆபிதா பீவியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒரு படி அரிசி வந்திருக்கும். ஆனால் ஹெப்சிபா வாயைத் திறக்கவில்லை. ஆண்டவரிடம் எல்லாவற்றையும் சொல்லுவாள், அடுத்த வீட்டில் மட்டும் சொல்ல மாட்டாள். அவளிடம் இருந்த கோளாறு அது ஒன்றுதான்.

சனிக்கிழமை சாரம்மாள் வந்தாள். கலயத்தைத் தூக்கினாள். தூக்கியவள் ஒரு நிமிஷம் அப்படியே நின்று, ஹெப்சிபாவின் முகத்தைப் பார்த்தாள். வீட்டில் அரிசி இல்லாதது தெரிந்துவிட்டது என்று ஹெப்சிபா வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். சாரம்மாள் ஒன்றும் பேசவில்லை. அரிசியைக் கவிழ்த்துக்கொண்டாள். போகும்போது ஹெப்சிபாவின் தலையைப் பைய ஒரு தடவு தடவினாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. ஒரு நாளும் இல்லாமல் இந்தச் சித்திக்கு இன்றைக்கு என்ன ஆயிற்று என்று ஹெப்சிபா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிற வழியெல்லாம் இன்னும் விசித்திரமாக இருந்தது. எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். ஒருத்தி ப்ளெஸியைத் தூக்கி முத்தம் கொடுத்தாள். பெண்கள் பக்கம் பாயில் உட்காரப் போனபோது நாலு பேர் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். அவள் கட்டியிருந்த ரோஸ் நிறச் சேலையைப் பார்த்து இரண்டு பேர் தங்களுக்குள் ஏதோ முணுமுணுத்தார்கள். சேலை கிழிந்திருக்கிறதோ என்று ஹெப்சிபா முந்தானையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

அந்த ஊருக்குப் பாதிரியார் ஐயர் மாதத்தில் ஒரு ஞாயிறுதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் ஆராதனை நடத்துகிறவர் உபதேசியார் நேசையா. அருமையான மனுஷன். ஜெபம் பண்ண ஆரம்பித்தால் பானையில் உலை வற்றிவிடும் என்று பெண்கள் சொல்லுவார்கள். அன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு நோயாளிகளுக்காக, பரீட்சை எழுதுகிற பிள்ளைகளுக்காக, மழைக்காக என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"ஆண்டவரே, தூர தேசத்திலே எங்கள் தம்பி ஜாஸ்பரை உம்முடைய இளைப்பாறுதலுக்குள் அழைத்துக்கொண்டீரே. அவரை இழந்து நிற்கிற எங்கள் சகோதரி ஹெப்சிபாவையும், தகப்பனில்லாத இந்தப் பிள்ளைகளையும்..."

பெண்கள் பக்கம் விசும்பல் கேட்டது. ஹெப்சிபாவுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. எல்லாருக்கும் தெரிந்த சேதி தனக்கு மட்டும் சொல்லப்படவில்லையா? கரோலின் அவள் முழங்கையைப் பிடித்து, "அம்மா, அப்பா செத்துட்டாவளா?" என்று கேட்டாள். அந்தக் கேள்விதான் அவளை எழுப்பி நிறுத்தியது. ஜெபத்தின் நடுவே, எல்லாரும் தலை குனிந்திருக்கும்போது, அவள் எழுந்து நின்றாள்.

"ஐயா, கொஞ்சம் நிறுத்துங்க."

ஜெபமணிபுரம் கோயில் கட்டின நாளிலிருந்து ஒரு ஜெபத்தை இடையில் யாரும் நிறுத்தியதில்லை. நேசையா கண்ணைத் திறந்தார்.

"அவிய போயிட்டாவன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

நேசையா திணறினார். "சாரம்மாதான் நேத்து வந்து சொன்னாவ. துக்கத்துல இருக்குற பிள்ளைட்டப் போய்க் கேக்கக் கூடாதேன்னு..." என்று இழுத்தார். கோயில் முழுக்கச் சாரம்மாள் பக்கம் திரும்பியது. அவள் வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு எழுந்தாள்.

"கலயம் கொறஞ்சிருந்துச்சு. ஜாஸ்பர் கைப்பிடிய நீ நிறுத்திட்டன்னு நெனச்சேன். என்கிட்டயே தலையக் குனிஞ்சுக்கிட்டியேட்டி. சேதி வந்திருக்கு, பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாம்னு மறைக்கான்னு நெனச்சேன்."

இப்போது ஹெப்சிபாவுக்கு முழுவதும் புரிந்தது. சேதி எதுவும் வரவில்லை. அவன் சாகவில்லை. ஊர்தான் அவனைக் கொன்றிருக்கிறது. அவன் உயிரோடு எழுந்திருக்க வேண்டுமென்றால், எதை யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று இருந்தாளோ அதை இத்தனை பேர் முன்னால் சொல்ல வேண்டும். முகம் எரிந்தது. பாயின் ஓரத்தைக் கால் விரலால் அழுத்திக்கொண்டாள்.

"அவிய கைப்பிடிய நான் நிறுத்தல சித்தி. எங்க வீட்டுல மூணு நாளா சோறு பொங்கல. கிழங்குதான். அரிசி இல்ல. அதான் கலயம் கொறஞ்சது."

அவளுக்கு அழுகை வந்தது, அழுதுகொண்டே பேசினாள்.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு. ராவெல்லாம் பயந்துக்கிட்டுத்தான் கெடக்கேன். அவிய இல்லன்னா அதை ஆண்டவர் எனக்குச் சொல்லட்டும். கலயம் சொல்லக் கூடாது. அதுவரைக்கும் அவிய என் வீட்டாளு. ஐயா, உயிரோட இருக்குற ஆளுக்குப் பண்ணுத ஜெபத்தைப் பண்ணுங்க."

நேசையா கண்ணை மூடினார். வாழ்க்கையில் முதல் முறையாக அவர் ஜெபம் சீக்கிரம் முடிந்தது. "ஆண்டவரே, ஜாஸ்பரை வீட்டுக்குக் கொண்டுவாரும். எங்களை மன்னியும். ஆமென்." அவ்வளவுதான். அன்றைக்குச் சொன்ன ஆமெனில் கூரைத் தகரம் அதிர்ந்தது.

வீட்டுக்கு வந்தால் வாசலில் ஆபிதா பீவி தூக்குவாளியோடு நிற்கிறாள். துக்க வீட்டில் அடுப்பு எரியக் கூடாது என்று, கேள்விப்பட்ட உடனே நெய்ச்சோறும் பருப்பும் பொங்கி எடுத்து வந்திருக்கிறாள். நெய்ச்சோற்று வாசனையில் பிள்ளைகள் இரண்டும் தூக்குவாளியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"இது சாவுச் சோறு, வேண்டாம்க்கா," என்றாள் ஹெப்சிபா. "அவிய சாவல."

ஆபிதா பீவி விஷயத்தைக் கேட்டாள். கேட்டு முடித்ததும் அவளுக்குக் கோபம் வந்தது. "மூணு நாளா பிள்ளைகளப் பட்டினி போட்டுட்டு என் மூஞ்சிக்கு நேரா சிரிச்சிக்கிட்டா இருந்த? இது சாவுச் சோறும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. என் மவன் உசுரோட வந்ததுக்கு உனக்கு நான் இன்னும் விருந்து போடல. அதுதான் இது. தின்னு."

தின்றார்கள். ஹெப்சிபா இரண்டு தடவை வாங்கித் தின்றாள். சாயங்காலத்துக்குள் ஏழெட்டு வீட்டு அரிசி அவள் அடுப்படிக்கு வந்து சேர்ந்தது. சாரம்மாள் அந்த வாரத்து ஏல அரிசியை வீம்புக்கு விலையேற்றி எடுத்து, பெட்டியோடு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். மறுநாள் அதைப் பொங்குவதற்கு முன்னால் நாலு கைப்பிடியை எடுத்துக் கலயத்தில் போட்டாள் ஹெப்சிபா. கோயிலுக்குப் போன அரிசி கோயிலுக்கே திரும்புகிறது என்று நினைத்துத் தனியாகச் சிரித்துக்கொண்டாள்.

பிறகு பீடி இலை வந்தது. வேலை நடந்தது. மழை தொடங்கி ஆற்றில் செந்தண்ணீர் வந்து, வடிந்து, தெளிந்தது. ஜாஸ்பரைப் பற்றி மட்டும் ஒரு சேதியும் இல்லை. குவைத்திலிருந்து வர வேண்டியவர்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். ஹெப்சிபா வரும்போது அந்தப் பேச்சை நிறுத்தினார்கள்.

ஒரு புதன்கிழமை முற்பகல் அவள் ஆற்றில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். கோயில் மணி அடித்தது. ஆராதனை இல்லாத நாளில், நேரங்கெட்ட நேரத்தில் அந்த மணி அடித்தால் ஊரில் ஒரே ஒரு அர்த்தம்தான். யாரோ போய்விட்டார்கள். படித்துறையில் இருந்த பெண்கள் எல்லாரும் கையை நிறுத்தினார்கள். யாரும் யாரையும் கேட்கவில்லை. மெதுவாக ஒவ்வொருத்தியாக ஹெப்சிபாவைப் பார்த்தார்கள்.

அவள் கையில் இருந்த பாவாடையைப் பிழிந்து கல்லில் வைத்தாள். தண்ணீரைப் பார்த்துக்கொண்டே படியில் உட்கார்ந்தாள். இவ்வளவு நாளும் பாத்துக்கிடும், பாத்துக்கிடும் என்று சொன்னதெல்லாம் இதற்குத்தானா என்று ஒரு கேள்வி வந்தது. வந்த கேள்வியை அவள் தள்ளிவிடவில்லை. அதையும் அவரிடமே சொன்னாள். பிறகு, பக்கத்தில் இருந்தவளுக்குக் கேட்கிற மாதிரியே சொன்னாள்.

"ஆண்டவரே, அவியள நீர் எடுத்துக்கிட்டாலும் எனக்கு நீர்தான். வேற யாரு இருக்கா. ஆனா இப்ப கூட வாரும். என்னால தனியா அங்கன நடக்க முடியாது."

எழுந்து நடந்தாள். வாழைத்தோப்பு வரப்பில் வரும்போதும் மணி அடித்துக்கொண்டேயிருந்தது. சாவு மணி ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே விட்டு விட்டு அடிக்கும். இதுவோ தீப்பிடித்த மாதிரி தடதடவென்று, தாறுமாறாக அடித்தது. அவளுக்கு அது காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து கரோலின் ஓடி வந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். ஓடி வந்த இளைப்பில் பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை. கோயில் பக்கம் கையைக் காட்டினாள்.

கோயில் வாசற்படியில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். தாடி, ஒட்டிய கன்னம், யாரோ கொடுத்த தொளதொளத்த சட்டை. பஸ்ஸை விட்டு இறங்கியவன் வீடுவரை நடக்கத் தெம்பில்லாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டான். உள்ளே பெருக்கிக்கொண்டிருந்த சாரம்மாள் அவனைப் பார்த்து முதலில் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு அலறினாள். பிறகு ஓடிப்போய் மணிக் கயிற்றைப் பிடித்தாள். இப்போது ஆட்கள் வந்து போதும் போதும் என்று இழுத்தும் அவள் கயிற்றை விடவில்லை. "நான்தானே அவனைக் கொன்னேன். உசுரோட இருக்கான்னு நான்தான் ஊருக்குச் சொல்லணும்," என்று அழுதுகொண்டே அடித்தாள்.

ஹெப்சிபா படியில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஈரக் கையால் அவன் முகத்தைத் தொட்டாள். சூடு இல்லை, காய்ச்சல் இல்லை. அவன் அவளைப் பார்க்க முடியாமல் கீழே பார்த்தான். ஜோர்தானில் அம்மான் நகரத்து ஆஸ்பத்திரியில் கிடந்ததையும், பேர் மாறிப் போய் விமானத்தில் இடம் கிடைக்காததையும் பிறகு சொன்னான். முதலில் சொன்னது வேறே.

"கைய வீசிக்கிட்டு வந்திருக்கேன் ஹெப்சி. ஒண்ணும் கொண்டுவரல."

"அதுக்கென்ன."

"அது மட்டுமில்ல." அவன் கோயில் வாசலைத் திரும்பிப் பார்த்தான். "அங்கன கெடந்தப்ப ஒரு ஜெபங்கூட எனக்கு வரல. ஒரு நாளும் வரல. செத்துப்போவேன்னு பயம். ஆண்டவரேன்னு கூப்புடக்கூட வாய் வரல. அவர விட்டுட்டேன்னு நெனச்சேன். இந்தப் படியில ஏறி உள்ள போக எனக்கு மூஞ்சி இல்ல. அதான் வெளியவே உக்காந்துட்டேன்."

உள்ளே மணி நின்றிருந்தது. கூடியிருந்தவர்கள் கொஞ்சம் விலகி நின்றார்கள்.

"உங்க பங்கு இங்கன ஒரு நாளும் நிக்கல," என்றாள். "உங்க பேருல நான் செலுத்திக்கிட்டேதான் இருந்தேன். மூணு நாள் கிழங்கு தின்னோம், அதைத் தவிர."

அவனுக்கு அது பாதிதான் விளங்கியது. ஆனால் அந்தப் பாதியே போதுமாக இருந்தது. பாலைவனத்திலும் அழாத ஜாஸ்பர் அப்போது பிள்ளைக்கு முன்னால் வாய்விட்டு அழுதான். ஹெப்சிபா அவன் கையைப் பிடித்துத் தூக்கினாள். இரண்டு பேருமாகப் படியேறி உள்ளே போனார்கள், கரோலின் பின்னாலேயே போனாள்.